தூண்டில் பழக விரால்

பாச்சலூரிலிருந்து ஒட்டன்சத்திரத்துக்கு இறங்கும் வழியில் பரப்பலாறு அணையின் தண்ணீரைப் பார்த்ததும் தூண்டில் போடும் ஆசை வருகிறதா, நேயர்களே? அமெரிக்காவில் புதிதாகத் தூண்டில் எடுப்பவர்கள் பலரும் பாஸ் என்ற நன்னீர் மீனில்தான் கை பழகுகிறார்கள். நம் சமவெளிக் குளங்களில் அதே குணத்தோடு இருப்பது விரால். அல்லியும் கோரையும் அடர்ந்த ஓரத்தில் அசையாமல் பதுங்கிக் கிடந்து, பக்கத்தில் வரும் தவளையை ஒரே பாய்ச்சலில் கவ்வும்.

தொடக்கத்துக்கு மூங்கில் கழி, உறுதியான தங்கூஸ் நரம்பு, ஒரு முள், உயிர் இரை போதும். ரீல் வைத்த ராடும் ரப்பர் தவளையும் பிறகு வாங்கலாம். ரப்பர் தவளையைச் செடிகளுக்கு அப்பால் வீசி, நிறுத்தி நிறுத்தி இழுங்கள். மீன் கவ்வியதும் பதறிச் சட்டென்று இழுத்தால் தவளை மட்டுமே திரும்பி வரும். ஒரு நொடி பொறுக்க வேண்டும். விரால் காற்றையும் சுவாசிக்கும் மீன். மூச்சு வாங்க மேலே வரும் இடத்தில் தண்ணீர் குமிழியிடும். அந்த இடத்தைக் கண்டுகொள்வதுதான் உண்மையான பயிற்சி.

சிவந்த குஞ்சுகள் கூட்டமாக மேலே திரண்டிருந்தால், அடியில் பெற்ற மீன்கள் காவல் நிற்கும். தயவுசெய்து அங்கே தூண்டில் போடாதீர்கள். காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

அணை என்றால் மீன்வளத் துறையிடமும், குத்தகைக்கு விட்ட குளம் என்றால் குத்தகைதாரரிடமும் முதலில் அனுமதி கேளுங்கள். காட்டுக்குள் இருக்கும் நீர்நிலைக்கு வனத்துறையின் அனுமதியும் வேண்டும்.