உங்க தெரு எப்படி எல்லாருக்கும் பொதுவாச்சு? சுவரில் வரைந்து சொல்லலாம் வாங்க!

நீங்கள் தினமும் நடக்கிற தெரு, தண்ணீர் பிடிக்கிற குழாய், பிள்ளைகள் படிக்கிற பள்ளி. இவை எல்லாருக்கும் பொதுவாக இருக்கின்றன என்றால், ஒரு காலத்தில் யாரோ துணிந்து முதல் அடி எடுத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் அது யார்? கேட்டுப் பாருங்கள். "எங்க தாத்தா சொல்வாரு, இப்ப சரியா ஞாபகம் இல்லையே" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

அந்தக் கதையைத் தெருவிலேயே, எல்லாரும் பார்க்கும்படி வைக்க ஒரு வழி சமுதாயச் சுவரோவியம். ஊர் மக்களே கூடிப் பேசி, விவரம் சேகரித்து, ஓவியர்களோடு சேர்ந்து வரைவது இது.

எதை வரையலாம்?

நம் மாநில வரலாற்றிலேயே நிறைய இருக்கிறது. பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாவற்றையும் எல்லா வகுப்பினரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1938-இல் குடிமைத் தடைகளை நீக்கும் சட்டம் வந்தது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட சிறு குழு ஒன்று மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தது. அய்யரின் பெயரும், பின்னாளில் அமைச்சரான கக்கனின் பெயரும் பலருக்குத் தெரியும். கூடப் போன மற்றவர்கள் பெயரைக் கேட்டால், நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

உங்கள் ஊரிலும் இதே நிலைதான். சட்டம் சென்னையில் வந்திருக்கலாம். அதை நம்பிக் கிணற்றில் வாளியை இறக்கியவர் உங்கள் ஊர்க்காரர். அவர் பெயர் புத்தகத்தில் இருக்காது.

வேறெங்காவது செய்திருக்கிறார்களா?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு வெள்ளநீர்க் கால்வாயின் சுவரில், ஓவியர் ஜூடித் பாக்கா 1976-இல் இந்த வேலையைத் தொடங்கினார். சுமார் அரை மைல் நீளத்துக்கு வளர்ந்த அந்த ஓவியத்தில் 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் உழைத்தார்கள். பாடப்புத்தகம் விட்டுவிட்ட மக்களின் கதைகளை, விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு வரைந்தார்கள். நம் சென்னை கண்ணகி நகரிலும் 2020-இல் குடியிருப்புச் சுவர்கள் பெரிய ஓவியங்களாக மாறின.

சரி, எங்கே ஆரம்பிப்பது?

1. பெரியவர்களிடம் பேசுங்கள். முதல் வேலை இதுதான், தள்ளிப் போடாதீங்க. அனுமதி கேட்டு, கைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். பெயர், தேதி, இடம் குறித்து வையுங்கள். பதிவின் நகலை இன்னொரு கைபேசியிலும் சேமியுங்கள்.

2. ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய நூல்களையும் இதழ்களையும் கைபேசியிலேயே இலவசமாகப் படிக்கலாம். பழைய அரசாணைகளுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அரசு அலுவலகத்தில் உள்ள தகவல் வேண்டுமென்றால், தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனு செய்யலாம். பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும்.

3. ஊரைக் கூட்டிப் பேசுங்கள். கிராமம் என்றால் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் நடக்கும் கூட்டங்களில் வாக்காளர் யாரும் பேசலாம். நகரம் என்றால் வார்டு உறுப்பினரிடம் தொடங்குங்கள். ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், அவசரப்பட்டு ஒன்றை வரைந்துவிட வேண்டாம். இருவரும் ஒத்துக்கொள்வதை மட்டும் வரையுங்கள்.

4. எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சுவர் யாருடையதோ, அந்த ஊராட்சி, நகராட்சி, பள்ளி அல்லது வீட்டு உரிமையாளரிடம் வாங்க வேண்டும். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959-லிருந்தே இங்கே சட்டம் இருக்கிறது. வாய்மொழியாக "வரைஞ்சுக்கோங்க" என்று சொன்னது பின்னால் உதவாது. மனுவோடு ஓவியத்தின் மாதிரியையும் இணையுங்கள்.

5. சுவரைத் தயார் செய்யுங்கள். ஈரம் ஏறும் சுவரில் வண்ணம் நிற்காது. மழைக்காலம் முடிந்து நன்கு காய்ந்த பிறகு, பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, விரிசலை அடைத்து, பிரைமர் பூசி, வெளிச்சுவருக்கான எமல்ஷன் பெயிண்டால் வரையுங்கள். காகிதத்தில் சின்னக் கட்டம், சுவரில் பெரிய கட்டம் போட்டுக்கொண்டால் பிள்ளைகளும் சேர்ந்து வரையலாம்.

6. ஓரத்தில் ஒரு க்யூஆர் கோடு வையுங்கள். அதை ஸ்கேன் செய்தால், பதிவு செய்த பெரியவரின் குரலையே கேட்கலாம்.

ஒரு முக்கியமான விஷயம்

உயிரோடு இருப்பவரின் முகத்தையோ பெயரையோ அவர் சம்மதம் இல்லாமல் வரையக் கூடாது. இறந்தவர் என்றால் குடும்பத்தாரிடம் கேளுங்கள். "வேண்டாம்ப்பா, பேரன் பேத்திக்குப் பிரச்சினை வரும்" என்று சொன்னால், அந்தப் பயத்தை மதியுங்கள். பெயரில்லாமலும் கதையைச் சொல்ல முடியும்.

அந்தப் பயமே இன்னொன்றையும் சொல்கிறது. நீங்கள் பழைய கதை என்று நினைத்துப் போய்க் கேட்பது, சில இடங்களில் இன்னும் முடியாமல் இருக்கலாம். இப்போதும் யாருக்காவது கடையிலோ குழாயடியிலோ சாதி காரணமாகத் தடை இருப்பது தெரிந்தால், ஓவியம் முடியும் வரை காத்திருக்க வேண்டாம். தீண்டாமை அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி ஒழிக்கப்பட்டது. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566. அருகிலுள்ள காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

இந்த வாரம் ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் தெருவில் வயதில் மூத்தவர் யார் என்று பாருங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து, "அந்தக் காலத்துல இந்தத் தெருவுல யாரெல்லாம் நடக்கலாம், யாரெல்லாம் நடக்கக் கூடாதுன்னு இருந்துச்சு?" என்று கேளுங்கள். சுவரைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.