உங்களுக்குத் தெரியுமா? கேட்கும் சொல்லிலும் மேடு பள்ளம் உண்டு

★ ‘கொடு’ என்று கேட்க ஒரு காலத்தில் எல்லாருக்கும் உரிமை இல்லை. ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்குத் தொல்காப்பியம் மூன்று சொற்களை வகுத்திருக்கிறது. கேட்பவர் தாழ்ந்தவரானால் ‘ஈ’ என்பார். சமமானவர் ‘தா’ என்பார். உயர்ந்தவர்தான் ‘கொடு’ என்பார். இதில் ஒரு சிக்கல் உண்டு. அதே இலக்கணப்படி ‘கொடு’ படர்க்கைக்கு உரியது. எனக்குத் தா, அவனுக்குக் கொடு என்பதே முறை. உயர்ந்தவர் தமக்கே கேட்கும்போது மட்டும் ‘கொடு’ எப்படிப் பொருந்தும்? அவர் தம்மையே வேறொருவர் போல வைத்துக் கேட்கிறார் என்று விடை தருகிறார் தொல்காப்பியர். கை நீட்டும் நேரத்திலும் அது தன் கை என்று காட்டிக்கொள்ள விரும்பாத மனசை ஒரு நூற்பாவுக்குள் பிடித்துவிட்டார்! பேச்சுத் தமிழில் ‘குடு’ பெரும்பாலான இடத்தை எடுத்துக்கொண்டது. மலையாளத்தில் ‘தரு’, ‘கொடு’ வேறுபாடு இன்றும் உயிரோடு இருக்கிறது.

★ கேட்பதற்கென்றே திருக்குறளில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. 106ஆவது ‘இரவு’, அடுத்ததே ‘இரவச்சம்’. இல்லாதவன் கேட்கலாம் என்று ஒன்று ஆறுதல் சொல்ல, கேட்கவே கூசு என்று மற்றது தடுக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் வள்ளுவரின் மனம் முழுசாகப் புரியும்.

★ வேலைக்கும் ரேஷன் கார்டுக்கும் நாம் போடும் ‘விண்ணப்பம்’ வடமொழியிலிருந்து வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் தேவாரத் திருப்பதியங்களுக்காக முதலாம் ராஜராஜன் 48 பேரை நியமித்தான். உடன் உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர். ஆக 50 பேர். ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல். அவர்களுடைய வேலையைக் குறிக்க அந்தக் கல்வெட்டில் வரும் தொடர், திருப்பதியம் ‘விண்ணப்பம் செய்ய’ என்பது. இறைவன் முன்னே பாடுவதே ஒரு விண்ணப்பம்! வள்ளலாரும் தம் உரைநடை வேண்டுகைகளுக்குச் சிறுவிண்ணப்பம், பெருவிண்ணப்பம் என்றே பெயர் வைத்தார். அத்தனை அழகான சொல் இன்று படிவத்தின் தலைப்பில் அடைபட்டுக் கிடப்பது எனக்கு வருத்தம்தான்.

★ ‘மன்றாடு’ என்பதில் இருக்கும் மன்று, ஊர் கூடும் பொதுவிடம். வழக்காடுதல் என்ற பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. தமிழ்க் கத்தோலிக்கர்களின் வழிபாட்டில் ‘மன்றாட்டு மாலை’யாக இது இன்றும் ஒலிக்கிறது.

★ விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் என்ற பெயரில் முருகன் கோயில் இருக்கிறது. அங்கே சாமியிடம் வேண்டிக்கொள்வதோடு நிற்பதில்லை, பிராது கொடுக்கிறார்கள். திருட்டுப்போன நகை, திரும்பி வராத கடன், சேர்ந்து வாழாத புருஷன் என்று மனக்குறையைத் தாளில் எழுதி, முருகன் முன் வைத்து, பிறகு முனியப்பர் சன்னதியில் கொண்டுபோய்க் கட்டுவார்கள். காரியம் முடிந்ததும் திரும்பி வந்து ‘ராஜினாமா’ செய்ய வேண்டும். வேலையை விடுவதற்குத்தானே ராஜினாமா என்று தோன்றும். அந்நாளில் கோர்ட்டு வழக்கு சமரசமாக முடிந்தால் எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்கும் ராஜினாமா என்றுதான் பெயர். பிராது, ராஜினாமா இரண்டுமே பாரசீக வழி வந்த சொற்கள். கோர்ட்டு மறந்த பொருளைக் கோயில் காப்பாற்றி வைத்திருக்கிறது.

★ யாழ்ப்பாணத்தில் ஒருவர் “கடையில சீனி வேண்டிக்கொண்டு வா” என்றால், கடைக்காரரிடம் கெஞ்சச் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கி வரச் சொல்கிறார்.

★ ‘தயவுசெய்து’ அறிவிப்புப் பலகையிலும் ஒலிபெருக்கியிலும் சரளமாக வரும். வீட்டுக்குள் அதிகம் வராது. பெற்ற தாயிடம் “தயவுசெய்து சோறு போடுங்கள்” என்றால் சண்டை என்றுதான் அர்த்தம். அப்படியென்றால் தமிழர் பணிவாகக் கேட்பதில்லையா? கேட்கிறோம், வினைச்சொல்லின் வாலில் வைத்து. “திறங்க” என்பது ஏவல். “திறங்களேன்” என்பது வேண்டுகோள். கூட்ட நெரிசலில் பஸ் ஜன்னலோரம் இருப்பவரிடம் “அக்கா, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் ஏத்தி விடுங்களேன்” என்று கேட்டுப் பாருங்கள். முறைப்பெயர் ஒன்று, ‘கொஞ்சம்’ ஒன்று, கடைசியில் ‘ஏன்’ ஒன்று. பணிவு மூன்று இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ‘கொஞ்சம்’ என்றதற்காக யாரும் கண்ணாடியைப் பாதியில் நிறுத்துவதில்லை.