குடும்ப நலமும் ஊர் மருத்துவமனையும்

கருத்தடை என்ற சொல்லைக் கேட்டதும் நாணித் தலை குனிவோர் நம்மிடையே பலர். உடலைப் பற்றிய அறிவு நாணத்திற்கு உரியது அன்று. ஆகவே, நெடுங்காலம் பயன் தரும் கருத்தடை முறைகளும் நிரந்தர முறைகளும் அவரவர் ஊர் மருத்துவமனையிலேயே கிடைக்கவேண்டுவது ஏன் என்பதை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் முறைகளை அறிவோம். செம்புக் கம்பி சுற்றிய சிறு பிளாஸ்டிக் கருவியே காப்பர்-டி. கருப்பையில் பொருத்தப்பெறும் அதன் செம்பு, விந்தணுக்களைச் செயலற்றவை ஆக்குகிறது. அதில் ஒரு வகை 5 ஆண்டுகளும் மற்றொரு வகை 10 ஆண்டுகளும் பயன்படும். வேண்டும்போது எடுத்துவிட்டால் மீண்டும் கருத்தரிக்கலாம். பிள்ளை பிறந்த 48 மணி நேரத்திற்குள்ளாகவே அதைப் பொருத்திக்கொள்ளவும் இயலும்.

நிரந்தர முறைகள் இரண்டு. பெண்ணுக்கு வயிற்றைச் சிறிது திறந்து, கருக்குழாய்களைக் கட்டி அடைப்பது ஒன்று; ஆணுக்கு விந்துக் குழாய்களை அடைக்கும் வாசக்டமி மற்றொன்று. பின்னது எளியது. 1974-இல் சீன மருத்துவர் லீ ஷுன்சியாங் வகுத்த முறையில் கத்தியே வேண்டுவதில்லை. சிறு துளை போதும். அன்றே வீடு திரும்பலாம். ஆயினும் சுமார் 3 மாதங்கள் கழித்துச் சோதனை செய்து உறுதி பெறும்வரை வேறொரு தடைமுறை வேண்டும். ஆண்மை குன்றும் என்பது வீண் அச்சம். ஆண்மைக்குரிய சுரப்புநீர் இரத்தத்தில் கலப்பதேயன்றி அக்குழாய் வழியே செல்வதன்று.

இனி, சென்னையின் மேற்குப் புறத்தை நோக்குவோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த பட்டறைகளிலும் உழைக்கும் பெண்கள் பலர். அவர்களுள் ஒருத்தி 1844-இல் தோன்றிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்குச் செல்லவேண்டுமாயின், ஒருநாள் கூலி போகும். கைக்குழந்தையை அண்டை வீட்டில் விடவேண்டும். ஆலோசனைக்கு ஒருமுறை, சிகிச்சைக்கு ஒருமுறை, பின்பார்வைக்கு ஒருமுறை என்று மூன்று பயணங்கள்! 'அடுத்த மாதம் போகலாம்' என்று தள்ளிவைப்பதில் வியப்பென்ன? அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகள் உள்ளன. காப்பர்-டி பொருத்தப் பயிற்சி பெற்ற செவிலியர் போதும். வாசக்டமிக்கும் சிறு கீறல்வழிப் பெண் சிகிச்சைக்கும் பயிற்சி பெற்ற பொது மருத்துவர் போதும். ஆகவே நகரப் பெருமருத்துவமனையை எதிர்நோக்கவேண்டிய தேவை பெரும்பாலோர்க்கு இல்லை.

அண்மை மட்டும் போதுமா? போதாது. நம் வரலாறு அதனைக் கற்பிக்கிறது. 1952-இல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக ஏற்றது. 1950-களின் பிற்பகுதியில் சென்னை மாநிலம் வாசக்டமிக்குப் பணம் கொடுத்து ஊக்கியது. 1976-77-இல் நெருக்கடி நிலைக் காலத்தில், நாட்டில் 80 இலட்சத்திற்கு மேற்பட்டோர் கருத்தடைச் சிகிச்சைக்கு ஆளாயினர். அவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள், பலர் கட்டாயத்திற்கு உட்பட்டோர். அதன்பின் ஆண்கள் விலகினர். சுமை முழுவதும் பெண்கள்மேல் விழுந்தது. 2014-இல் சத்தீசுகரின் பிலாசுபூரில் அவசர முகாம் ஒன்றில் சிகிச்சை பெற்ற பெண்கள் பலர் உயிர் துறந்தனர். 2016-இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம்களைப் படிப்படியாக நிறுத்துமாறு ஆணையிட்டது.

இன்று தமிழ்நாட்டில் கருத்தடை நாடுவோர்க்குப் பெண் அறுவையே முதன்மையான வழி. ஆண் சிகிச்சை பெறுவோர் நூற்றில் ஒருவர்கூட இலர். ஊரில் நிலையாக இயங்கும் மருத்துவமனை, முகாமினும் மேலானது. அங்கே அமர்ந்து கேட்கலாம், எண்ணிப் பார்க்கலாம், 'வேண்டாம்' என்று திரும்பவும் செய்யலாம். சிகிச்சைக்குச் சம்மதம் தரவேண்டியவர் அதைச் செய்துகொள்பவரே. மற்றவர் கையெழுத்து அதற்கு ஈடாகாது.

எத்தனை பேருக்குச் சிகிச்சை நடந்தது என்று எண்ணுவது எளிது. எத்தனை பேர் அறிந்து, விரும்பி, அச்சமின்றித் தேர்ந்தனர் என்று கேட்பதே அறிவுடைமை. நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் பெற்றோராகவும் விளங்கப்போகும் நீங்கள், அந்த இரண்டாம் கேள்வியைக் கேட்கப் பழகவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.