கண்ணெதிரே இருந்தும் கண்ணில் படாது... தெரியுமா?

மாயாஜாலக் கதைகளில் வரும் மறைப்புப் போர்வை ஆய்வகத்துக்கே வந்துவிட்டது! ஒரு பொருள் நமக்குத் தெரிவது, அதன்மேல் பட்ட ஒளி சிதறி நம் கண்ணுக்கு வருவதால்தான். சிதறலும் கூடாது, நிழலும் விழக் கூடாது. இரண்டையும் சாதித்துவிட்டால் ஆள் மாயம்!

● ஆய்வகத்தில் புழங்கும் போரோசிலிகேட் கண்ணாடிக் குச்சியைக் கிளிசரினில் விட்டுப் பாருங்கள். மேல்பாதி பளிச்சென்று தெரியும். முங்கிய பாதியைக் காணவே காணோம்! இரண்டுக்கும் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.47. கண்ணாடி எங்கே தொடங்குகிறது என்பதே ஒளிக்குத் தெரிவதில்லை!

● மையிருட்டுக் கறுப்பைப் பூசிக்கொண்டால் மறைந்துவிடலாமா? முடியாது! நிழல் காட்டிக்கொடுத்துவிடும். அலைநீளத்தைவிட மிகப் பெரிய பொருள், தன் குறுக்குப் பரப்பைப் போல இரண்டு மடங்கு பரப்புக்கான ஒளியை அலையிலிருந்து பறிக்கிறது. ஒரு பங்கு நேரடியாகத் தடைபடுகிறது. மறுபங்கு விளிம்பு விளைவால் சிதறிப்போகிறது!

● இந்த மாயத்துக்கு வழி சொன்னதில் கணிதம் முந்திக்கொண்டது! ஒரு பொருளின் மேற்பரப்பில் மின்சாரத்தை அளந்தே உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்துவிட முடியுமா என்று 1980-ல் கேட்டார் கணித மேதை அல்பெர்ட்டோ கால்டெரோன். அப்படி எப்படி அளந்தாலும் சிக்காத பொருள்களைக் காகிதத்தில் வடிவமைக்கலாம் என்று 2003-ல் காட்டினார்கள் கிரீன்லீஃப், லாசாஸ், ஊல்மன்!

● ரப்பர் விரிப்பில் ஊசிப்புள்ளி அளவு துளையை நாலாபுறமும் இழுத்தால் பெரிய ஓட்டையாகும். விரிப்பில் வரைந்த கோடுகள் அதைச் சுற்றி வளையும். ஒளியையும் அப்படி வளைக்கும் பொருளுக்கு 2006-ல் சூத்திரம் எழுதினார்கள் ஜான் பென்ட்ரி குழுவினர். மேக்ஸ்வெல் சமன்பாடுகள் இதற்கு இடம் கொடுக்கின்றன!

● அதே ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் செய்தே காட்டிவிட்டார்கள்! செம்பு வடிவங்கள் பொறித்த பத்து வளையங்கள். நடுவே ஒரு செம்பு உருளை. 8.5 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை அதைச் சுற்றி வளைந்து போனது. முழுதாக மறையவில்லை, ஆனால் சிதறலும் நிழலும் வெகுவாகக் குறைந்தன.

● ஒலிக்கும் போர்வை உண்டு! துளையிட்ட பிளாஸ்டிக் தகடுகளால் ஆன பிரமிடு ஒன்றை 2014-ல் அதே டியூக் உருவாக்கியது. அதற்கு அடியில் வைத்த பொருளை ஒலி அலைகளால் கண்டுபிடிக்க முடியவில்லை!

● நில அதிர்வையும் திருப்பலாம்! 2012-ல் பிரான்சின் கிரனோபிள் அருகே 5 மீட்டர் ஆழத்துக்கு வரிசையாகத் துளைகள் போட்டார்கள். இயந்திரம் எழுப்பிய அதிர்வின் பெரும்பகுதி துளைகளில் மோதித் திரும்பியது!

● போர்வைக்குள் இருப்பவருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது! ஒளி முழுவதும் சுற்றிப் போய்விட்டால் உள்ளே கும்மிருட்டுதான். 1897-ல் எச்.ஜி.வெல்ஸ் படைத்த 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' கதியும் அதுதான்: விழித்திரையும் ஒளியைத் தடுக்காவிட்டால் பார்வை ஏது?

● சிக்கல் எங்கே? சுற்றிப் போகும் அலை, நேரே போன அலையோடு ஒரே சமயத்தில் சேர வேண்டும். அதற்கு அலைமுகடுகள் வெற்றிடத்து ஒளிவேகத்தையே மிஞ்ச வேண்டும்! குறுகிய அலைவரிசையில் இது சாத்தியம். வானவில்லின் எல்லா நிறங்களுக்கும் சேர்த்து என்றால், இயற்பியல் இடம் தராது.

ஆகவே, ஒரு துணியைப் போர்த்தியதும் ஆள் மறைந்துபோகும் வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தால், அது கிராஃபிக்ஸ் வேலை. ஃபார்வர்டு செய்யாதீர்கள்!