நாட்காட்டி பார்த்து ஓடும் நதி

அமெரிக்காவின் தென்கிழக்கு நதிகளில் படகு செலுத்துவதற்கு உகந்த காலம் எது என்று வாசகர் ஒருவர் வினவியிருக்கிறார். மற்ற நதிகள் பலவற்றுக்கு மழையைப் பார்த்தே விடை சொல்ல வேண்டும். டென்னசி மாநிலத்து ஓகோயி நதிக்கோ நாட்காட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அந்நதியின் இரண்டாவது அணையும் மின்நிலையமும் 1913இல் எழுந்தவை. அணையில் தடுக்கப்பட்ட நீர் ஆற்றில் இறங்காமல், மலைச்சரிவில் ஏறக்குறைய நாலரை மைல் தூரம் செல்லும் மரப்பலகைக் கால்வாய் ஒன்றில் புகுந்து, கீழே ஆறு சுமார் 250 அடி இறங்கும் அதே தொலைவில் தான் சில அடிகளே தாழ்ந்து, அவ்வாறு சேமித்த உயரத்தையெல்லாம் முடிவில் குழாய்கள் வழியே ஒரே வீழ்ச்சியாக யந்திரங்களின்மேல் கொட்டுகிறது. மரத்தில் ஓடும் நதி! ஆற்றுப் படுகையோ பல காலம் வெறும் பாறையாய்க் கிடந்தது.

1976இல் பலகைகள் பழுதுற்று, கால்வாய் மூடப்பட்டது. போக்கிடமற்ற நீர் தன் பழைய படுகைக்குத் திரும்பவே, ரப்பர்ப் படகுகளோடு வந்தவர்கள் அங்கே அற்புதமானதொரு பிரவாகத்தைக் கண்டார்கள்; சில வருஷங்களில் அதைச் சார்ந்து ஒரு ஜீவனோபாயமே தழைத்துவிட்டது. கால்வாய் செப்பனிடப்பட்டதும் பிணக்கு மூண்டது. பாறைமேல் உருளும் நீர் மின்சாரத்துக்கு நஷ்டம் என்றது அணையை நிர்வகிக்கும் டென்னசிப் பள்ளத்தாக்கு ஆணையம். முடிவில் அமெரிக்கக் காங்கிரஸ் சபை ஈட்டுத்தொகை ஒதுக்க, ஆண்டுக்கு 116 நாட்கள் நீர் திறப்பதென்று ஏற்பாடாயிற்று. எங்கள் ஊர் வாய்க்காலில் முறைத்தண்ணீருக்குக் காத்திருந்து வளர்ந்த எனக்கு இதில் வியப்பில்லை. ஆனால் நதியில் ஓடும் நீரையே நஷ்டக் கணக்கில் எழுதும் பேரேடு மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மேலே டக்டவுனில் செப்புத்தாதுவை வறுத்த கந்தகப் புகை காடுகளைக் கருக்கி, மலைமண்ணை இதே ஆற்றில் கரைத்ததே, அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதினார்கள்?

நீர் திறக்கும் நாட்களில் விநாடிக்குச் சுமார் 1,200 கன அடி பாய்கிறது. மூன்றாம், நான்காம் தரச் சுழிப்புகள் அடுத்தடுத்து வருவதால் மூச்சுவிட அவகாசம் குறைவு. பன்னிரண்டு வயது நிரம்பாதவர்களைப் படகில் ஏற்றுவதில்லை. கவிழ்ந்தவர் எழுந்து நிற்க முயலலாகாது. பாறையிடுக்கில் கால் சிக்கினால் முழங்காலளவு நீரும் ஆளை அமுக்கிவிடும். ஆதலால் மல்லாந்து, பாதங்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி, ஆழம் குறைந்து நீர் அமைதியாக உள்ள இடம் வரும்வரை மிதந்தே செல்ல வேண்டும்.