ஒரு பயணச்சீட்டு, மூன்று வண்டிகள்

சனிக்கிழமை காலை. சூரிச் நகருக்குப் பக்கத்திலுள்ள டூபென்டோர்வ் ஊரில் ஒரு பேருந்துத் தரிப்பிடம். அங்கே ஒரு சிறுமியும் அவளுடைய அம்மம்மாவும் நிற்கிறார்கள். அம்மம்மா பருத்தித்துறையிலிருந்து வந்து இரண்டு கிழமைதான் ஆகிறது. இன்று இருவரும் சூரிச்சுக்குப் போக வேண்டும். முதலில் பேருந்து, பிறகு தொடருந்து, அதன்பின் ட்ராம். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஆகவே இன்று அம்மம்மாவுக்கு வழிகாட்டி பேத்திதான்.

பேருந்து வந்து நின்றது. முன்கதவு, நடுக்கதவு, பின்கதவு என்று எல்லாக் கதவுகளாலும் ஆட்கள் ஏறினார்கள். அம்மம்மா உள்ளே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பிள்ளை, கொண்டக்ரர் எங்கை?"

"இங்கை கொண்டக்ரர் இல்லை அம்மம்மா."

"அப்ப ஆர் ரிக்கற் தாறது? காசு குடுக்காமல் போகலாமோ?"

"ஐயோ, போகேலாது அம்மம்மா! நான் ஏற முதலே மெசினிலை ரிக்கற் எடுத்திட்டன்."

"எத்தினை ரிக்கற்? மூண்டு வண்டி ஏற வேணும் எண்டு சொன்னாய்."

"உங்களுக்கு ஒண்டுதான். மூண்டு வண்டிக்கும் அது காணும்."

அம்மம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. உங்கள் அம்மம்மாவோ அப்பம்மாவோ இதே கேள்வியைக் கேட்டால் நீங்கள் எப்படி விளக்குவீர்கள்?

ஊரில் பேருந்து ஓடும் முறை வேறு. யாழ்ப்பாணத்தில் நடத்துநர் ஆட்களுக்கு இடையில் நுழைந்து வருவார். "எங்கை இறக்கம்?" என்று கேட்பார். காசை வாங்கிச் சீட்டைத் தருவார். அந்தச் சீட்டு அந்தப் பேருந்துக்கு மட்டுந்தான். அடுத்த பேருந்தில் ஏறினால் திரும்பவும் காசு கொடுக்க வேண்டும். முன்பு சூரிச் மாநிலத்திலும் ஒவ்வொரு போக்குவரத்து நிறுவனமும் தன் வண்டிகளுக்குத் தனித்தனியாகத்தான் சீட்டு விற்றது.

அதை மாற்றியது ஒரு வாக்கெடுப்பு. சுவிற்சர்லாந்தில் பெரிய செலவுகளைப் பற்றி மக்களே வாக்களித்து முடிவு செய்வார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1973ஆம் ஆண்டில் சூரிச் மக்களிடம் நிலத்தடித் தொடருந்து அமைப்பதற்கு வாக்குக் கேட்டார்கள். மக்கள் "வேண்டாம்" என்றார்கள். 1981ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வேறொரு திட்டம் வந்தது. நகரையும் சுற்றியுள்ள ஊர்களையும் இணைக்கும் எஸ்-பான் தொடருந்துதான் அது. இந்த முறை மக்கள் "ஓம்" என்றார்கள். ஆனால் தொடருந்து ஓடினால் மட்டும் போதுமா? தொடருந்து நிலையத்துக்கு எல்லாராலும் நடந்து போக முடியாதே. பேருந்துகளும் அதனோடு சேர வேண்டும். 1988ஆம் ஆண்டில் அதற்கான சட்டத்துக்கும் மக்கள் வாக்களித்தார்கள். 1990ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் திகதி, எஸ்-பானும் சூரிச் போக்குவரத்துக் கூட்டிணைப்பும் ஒரே நாளில் தொடங்கின.

'கூட்டிணைப்பு' என்றால் பல நிறுவனங்கள் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்வது. இந்தக் கூட்டிணைப்பின் பெயரை யேர்மன் எழுத்துகளால் 'செட்-ஃபவ்-ஃபவ்' என்று சுருக்கிச் சொல்வார்கள். பயணச்சீட்டு இயந்திரங்களில் அந்த மூன்று எழுத்துகளையும் பார்த்திருப்பீர்கள். தொடருந்து ஒரு நிறுவனத்தினுடையது. ட்ராம் வேறொரு நிறுவனத்தினுடையது. ஏரியில் ஓடும் கப்பல் இன்னொன்றினுடையது. ஆனாலும் சீட்டு ஒன்றுதான். கிடைக்கும் காசைப் பிரித்துக்கொள்வது அவர்கள் பாடு. சீட்டுக் காசு மட்டும் எல்லாச் செலவுக்கும் போதாது. மிச்சத்தை மாநிலம் பாதியும் ஊர்கள் பாதியுமாகக் கொடுக்கின்றன. அது எங்கள் பெற்றோர் கட்டும் வரிப்பணந்தான்.

அம்மம்மாவும் பேத்தியும் போகிற பேருந்து கிளாற் பள்ளத்தாக்கில் ஓடுகிறது. கிளாற் ஒரு சிறிய ஆறு. கிறைவன்சே ஏரியிலிருந்து புறப்பட்டு ரைன் ஆற்றில் போய்ச் சேர்கிறது. டூபென்டோர்வ், வாலிசெல்லன், ஒப்பிக்கோன், குளோத்தன் ஆகிய ஊர்கள் இந்தப் பக்கத்தில் உள்ளன. சூரிச் விமான நிலையமும் இங்கேதான் இருக்கிறது. இந்தப் பகுதிக்கென்று ஒரு போக்குவரத்து நிறுவனம் இருக்கிறது. அது எந்தப் பேருந்து எந்த வழியால், எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று திட்டமிடும். ஓட்டுகிற வேலையை வேறு நிறுவனங்களிடம் கொடுத்துவிடும்.

பேருந்தின் நெற்றியில் உள்ள எண்ணைக் கவனியுங்கள். சூரிச் நகருக்கு வெளியே ஓடும் பேருந்துகளுக்குப் பெரும்பாலும் மூன்று இலக்க எண்கள் உண்டு. முதல் இலக்கம் பேருந்து எந்தப் பகுதியில் ஓடுகிறது என்று சொல்லும். கிளாற் பள்ளத்தாக்கு என்றால் 7. வின்ரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்கள் என்றால் 6. ஊஸ்ரர் பக்கம் போனால் 8. இதைப் பேத்தி சொன்னதும் அம்மம்மா சிரித்துவிட்டார்.

"எங்கடை பஸ்ஸும் ஏழிலைதான் தொடங்கும் பிள்ளை. யாழ்ப்பாணத்திலையிருந்து பருத்தித்துறைக்குப் போறது எழுநூற்றி ஐம்பது!"

இனி அந்தப் பயணச்சீட்டைப் பார்ப்போம். அதில் போகும் இடத்தின் பெயரோடு சில எண்களும் அச்சிடப்பட்டிருக்கும். அவை வலயங்களின் எண்கள். சூரிச் மாநிலத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். ஒரு துண்டுதான் ஒரு வலயம். யேர்மன் மொழியில் 'சோனெ' என்பார்கள். டூபென்டோர்வ் 121ஆம் வலயம். சூரிச் நகரம் 110ஆம் வலயம். அப்படியானால் எத்தனை வலயத்துக்குக் காசு கட்ட வேண்டும்? இரண்டு என்று சொன்னால் பிழை. மூன்று! ஏனென்றால் சூரிச் நகரத்தின் 110ஐயும் வின்ரத்தூர் நகரத்தின் 120ஐயும் இரண்டு இரண்டாக எண்ண வேண்டும். பெரியவர்களே இந்த இடத்தில் தடுமாறுவார்கள்.

உங்களில் சிலரிடம் மாதச் சீட்டு இருக்கும். அது உங்கள் ஊரைச் சுற்றியுள்ள வலயங்களுக்கு மட்டும் என்றால், அதை வைத்துக்கொண்டு நகரத்துக்குள் போக முடியாது. மிச்ச வலயங்களுக்கு 'அன்ஷ்லுஸ்பிலெட்' என்ற இணைப்புச் சீட்டை வாங்க வேண்டும். "என்னட்டை கார்ட் இருக்குத்தானே" என்று நினைத்து ஏறி, பரிசோதகரிடம் அகப்பட்ட பிள்ளைகள் பலர். பரிசோதகர்கள் சில நேரம் சாதாரண உடையில் வருவார்கள். பக்கத்தில் இருப்பவர் திடீரென்று அட்டையைக் காட்டிச் சீட்டைக் கேட்பார். சீட்டு இல்லையென்றால் நூறு பிராங் அளவில் கட்டவேண்டி வரும். ஒரு பயணத்தின் விலை சில பிராங்தான். கைபேசியில் சீட்டு எடுக்கிறவர்களும் வண்டி புறப்பட முதலே எடுத்துவிட வேண்டும். பரிசோதகரைக் கண்டபிறகு எடுத்தால் செல்லாது.

"அப்ப உனக்கு ரிக்கற்?" என்று அம்மம்மா கேட்டார். பேத்தி ஓர் அட்டையைக் காட்டினாள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெரியவர்களோடு சும்மா போகலாம். ஆறு வயதிலிருந்து பதினாறாவது பிறந்தநாள் வரை குறைந்த விலைச் சீட்டு உண்டு. இவற்றைவிட, அம்மம்மா அம்மப்பாவோடு போகும் பேரப்பிள்ளைகளுக்கு ஓர் உடன்பயண அட்டை இருக்கிறது. ஆண்டுக்கு 30 பிராங். கூட வரும் பெரியவரிடம் சரியான சீட்டு இருந்தால் பிள்ளைக்கு வேறு சீட்டுத் தேவையில்லை. அதாவது, இன்று பேத்தி அம்மம்மாவுக்கு வழிகாட்டுகிறாள். ஆனால் சட்டப்படி அம்மம்மாதான் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகிறார்!

சீட்டு சரி. நேரம்?

தரிப்பிடத்தில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணையை வாசிக்கத் தெரியாமல் கைபேசியை மட்டும் நம்புகிறவர்கள் அதிகம். கைபேசி உயிரை விட்டால் என்ன செய்வீர்கள்? அட்டவணை கடினமானதல்ல. இடது பக்கத்தில் மேலிருந்து கீழாக மணி இருக்கும். அதற்கு நேரே நிமிடங்கள் இருக்கும். 9 என்ற எண்ணுக்கு நேரே 12, 42 என்று இருந்தால், 9:12க்கும் 9:42க்கும் பேருந்து வரும். திங்கள் முதல் வெள்ளி வரைக்கும், சனிக்கும், ஞாயிறுக்கும் தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. நாங்கள் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் சனிக்கிழமையில் வெள்ளிக்கிழமைப் பட்டியலைப் பார்த்தால், வராத பேருந்துக்காகக் குளிரில் நிற்க வேண்டியதுதான். பொது விடுமுறை நாள்களில் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலைப் பார்க்க வேண்டும். இன்னொன்று: டிசம்பர் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமைக்கு மறுநாள் அட்டவணை புதிதாக மாறும்.

ஒரு நாள் பேருந்து 12ஆம் நிமிடத்தில் வந்தால், அடுத்த மணியிலும் பெரும்பாலும் அதே 12ஆம் நிமிடத்தில் வரும். தொடருந்தும் அப்படித்தான். 1982ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து சுவிற்சர்லாந்து முழுவதும் தொடருந்துகள் இப்படி ஓடுகின்றன. கடிகாரத்தின் ஒரே இடத்தில் தொடருந்து வருமென்றால், அதற்கு ஏற்றபடி பேருந்தின் நேரத்தை வைப்பது எளிது. பேருந்து நிலையத்துக்கு வரும். ஆட்கள் இறங்கி மேடைக்கு நடப்பார்கள். சில நிமிடங்களில் தொடருந்து வரும். அந்தத் தொடருந்திலிருந்து இறங்குகிறவர்கள் அதே பேருந்தில் ஏறி வீட்டுக்குப் போவார்கள். இப்படி ஒரு வண்டி மற்ற வண்டியைச் சந்திப்பதை 'அன்ஷ்லுஸ்' என்பார்கள். தமிழில் 'இணைப்பு' என்று சொல்லலாம்.

இப்போது பலருக்கு உள்ள ஒரு கோபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் மூச்சு வாங்க ஓடி வருகிறீர்கள். சாரதி கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறார். "என்னைக் கண்டவர்தானே, ஒரு நிமிசம் நிண்டால் என்ன?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் பேருந்துக்குள் இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். தொடருந்தைப் பிடிக்க அவர்களுக்கு நாலு நிமிடந்தான் இருக்கும். பேருந்து ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஒருவருக்காக அரை நிமிடம் காத்திருந்தால், நிலையத்துக்கு வரும்போது தொடருந்து போய்விடும். உள்ளே இருக்கும் இருபது பேரும் அடுத்த தொடருந்து வரும்வரை நிற்க வேண்டும். இரவில் கடைசிப் பேருந்து என்றால் கதை வேறு. அப்போது வீட்டுக்குப் போக வேறு வழி இல்லை என்று சாரதிக்கும் தெரியும்.

அம்மம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனால் பேருந்தில் ஏறுவது கடினமாக இருக்கவில்லை. ஊர்ப் பேருந்தில் இரண்டு மூன்று உயரமான படிகள் இருக்குமே, இங்கே படியே இல்லை. பேருந்தின் தளம் தாழ்வானது. தரிப்பிடத்தின் நடைபாதை விளிம்பு 22 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் கட்டப்பட்டிருந்தது. பேருந்து அதை ஒட்டி நின்றால் வீட்டு முற்றத்திலிருந்து விறாந்தைக்குக் கால் வைப்பது போலத்தான். சக்கர நாற்காலியில் வருபவர்கள் உதவி கேட்கத் தனியாக ஒரு நீலப் பொத்தானும் உண்டு.

இது சாரதிகளின் நல்ல மனத்தால் மட்டும் வந்ததல்ல. மாற்றுத்திறனாளிகளின் சம உரிமைக்கான சட்டம் 2004ஆம் ஆண்டு தொடங்கியது. இருபது ஆண்டுகளுக்குள், அதாவது 2023ஆம் ஆண்டின் முடிவுக்குள், பொதுப் போக்குவரத்தை எல்லாரும் தாங்களே பயன்படுத்தக்கூடியதாக மாற்ற வேண்டும் என்று அது சொன்னது. இருபது ஆண்டுகள் நீண்ட காலம். அப்படியிருந்தும் அந்த ஆண்டு முடிந்தபோது பல தரிப்பிடங்கள் பழையபடியே இருந்தன. உங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தரிப்பிடம் எப்படி இருக்கிறது? அடுத்த முறை போகும்போது விளிம்பின் உயரத்தைப் பாருங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரால் யாருடைய உதவியும் இல்லாமல் அங்கே ஏற முடியுமா?

டூபென்டோர்வ் தொடருந்து நிலையம் கிட்டியது. பேருந்துக்குள் இருந்த திரையில் அடுத்த தரிப்பிடத்தின் பெயரும், அங்கிருந்து புறப்படும் தொடருந்துகளின் நேரமும் தெரிந்தன. அம்மம்மா எழும்ப ஆயத்தமானார்.

"சாரதியிட்டை 'இறக்கம்' எண்டு சொல்லு பிள்ளை. இல்லாட்டி நிப்பாட்டாமல் போயிடுவார்."

"சொல்லத் தேவையில்லை அம்மம்மா. இந்தச் சிவப்புப் பொத்தானை அமத்துங்கோ."

அம்மம்மா அமத்தினார். மணி ஒலித்தது. முன்னால் 'ஸ்ரொப்' என்ற எழுத்து ஒளிர்ந்தது. அம்மம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. இன்னொரு தரம் அமத்தப் போன அவருடைய கையைப் பேத்தி பிடித்துக்கொண்டாள்.

"போதும் அம்மம்மா! ட்ராமிலையும் பொத்தான் இருக்கு."