பழைய டிரெய்லர் வாங்கியவர் முதலில் செய்ய வேண்டியது

அமெரிக்காவில் காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் டிராவல் டிரெய்லரைப் பழையதாக வாங்குகிறவர்கள், முதல் பயணத்துக்கு முன்பே அதை வீட்டு வாசலில் நிறுத்தி, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக இயக்கிப் பழகிவிட வேண்டும். பார்வைக்கு அது சின்ன வீடுதான். ஆனால் விளக்கும் தண்ணீர் பம்பும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும், ஏசிக்கு 120 வோல்ட் வேண்டும், அடுப்புக்கு புரோப்பேன். வெந்நீர்த் தொட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் உறைந்து வெடிக்காமலிருக்க, விற்றவர் அதை வடித்துவிட்டு, தண்ணீர் தொட்டிக்குள் போகாமல் சுற்றிச் செல்லும்படி பைபாஸ் வால்வைத் திருப்பி வைத்திருக்கலாம். அப்போதும் வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வரும், பச்சைத் தண்ணீராக. தொட்டி நிறைந்திருக்கிறது என்று நம்பி மின்சுவிட்சைப் போட்டால், காலித் தொட்டிக்குள் ஹீட்டர் கம்பி சில நிமிடங்களில் கருகிவிடும்.

கையேடு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். புது வண்டிக்கு அது போதும் என்றே வைத்துக்கொள்வோம். கைமாறி வந்த வண்டியில் முன்பிருந்தவர் மாற்றிய வயரிங்கும் குழாயும் எந்தக் கையேட்டிலும் இருக்காது. திறந்து பார்த்தால்தான் தெரியும். கேஸ் கசிவை எச்சரிக்கும் கருவிக்கும் ஆயுள் உண்டு. அதில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பார்த்து, காலம் முடிந்திருந்தால், கருவியின் விளக்கு எரிந்தாலும் உடனே மாற்றிவிட வேண்டும்.